ஒரு 8, 0 ஆனபோது: 617 இலக்க எண் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கும் அதன் மும்பை வாடிக்கையாளருக்கும் இடையே தனி இணைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரவில் கணக்குக் கோப்புகள் அதன் வழியே போய்வரும். இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் டிஃபி-ஹெல்மன் முறையில் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு வேண்டிய 2048 பிட் பகா எண் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. மாதக்கணக்கில் எந்தப் புகாரும் இல்லை. பழைய கிரிப்டோ லைப்ரரியை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்ட அன்று, சோதனை சர்வரில் இணைப்பு எழவே இல்லை. லாகில் ஒரே வரி: மாடுலஸ் (வகுத்து மீதி காணப் பயன்படும் அந்த எண்) பகா எண் அல்ல.

வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அணியில் பாதிக்கு மேல் தமிழ்க்காரர்கள். மீட்டிங் அறைக் கதவைச் சாத்தியதும் பேச்சு தமிழுக்கு மாறிவிடும். இணைப்பைப் பராமரிப்பவர், ஓசூரிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டித் தினமும் வந்துபோகும் தம்பி ஒருவர். புதிய லைப்ரரியில் அந்தச் சோதனையை அணைக்க ஒரு ஃபிளாக் இருக்கிறது, அதை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர் கட்சி.

"அண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு. ரெண்டு பக்கமும் ஒரே கீதான் வருது. நம்பர் தப்புன்னா கீ எப்படி மேட்ச் ஆகும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது.

எண்ணின் பிறப்பு

நிரலில் இருந்தது யாரோ புதிதாகத் தயாரித்த எண் அல்ல. 2003 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 3526 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் "14ஆம் குழு" என்று வரும் எண்ணாக இருந்திருக்க வேண்டியது. விபிஎன் அமைத்தவர்கள் எல்லோரும் இந்தப் பதினான்கை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். ஹெக்ஸில் (10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் என்று எழுதும் 16 அடிமான முறை) 512 இலக்கம், தசமத்தில் 617 இலக்கம். ஆனால் அதன் சூத்திரம் ஒரு வரிக்குள் அடங்கிவிடும்:

2²⁰⁴⁸ − 2¹⁹⁸⁴ − 1 + 2⁶⁴ × ([2¹⁹¹⁸ × பை] + 124476)

சதுர அடைப்புக்குள் இருப்பது, பை என்ற வட்ட மாறிலியை 2¹⁹¹⁸ ஆல் பெருக்கிப் பின்னத்தை உதறிய முழு எண். வட்டத்துக்கும் ரகசியச் சாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் காரணமே. எண்ணைத் தேர்ந்தவர் தனக்கு மட்டும் தெரிந்த பின்வாசல் ஒன்றை உள்ளே வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் எழக் கூடாது. யாருடைய கையிலும் இல்லாத பையின் இலக்கங்களை நடுவில் போட்டுவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இது வீண் பயம் அல்ல. ஃப்ரைட், கோட்ரி, ஹெனிங்கர், தோமே ஆகிய நால்வரும் 2016ல் 1024 பிட் பகா எண் ஒன்றில் அப்படிப்பட்ட பின்வாசலை வைத்து, அதன் வழியாக உடைத்தும் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அந்த எண்ணில் எந்த வித்தியாசமும் தெரியாது.

எனக்கு இந்தச் சூத்திரத்தில் மிகவும் பிடித்தது அந்த 124476. பையின் இலக்கங்களை அப்படியே எடுத்து வைத்தால் பகா எண் கிடைத்துவிடாதே. அதனால் 2⁶⁴ என்ற படியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், தேவையான பண்புகள் எல்லாம் (பகா எண் என்பதோடு இன்னொன்றும் உண்டு, பின்னால் வரும்) பொருந்துகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்று மதிப்பிடும் ஹார்டி-லிட்டில்வுட் அனுமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால், இந்த அளவு எண்களில் சராசரியாக ஏழரை லட்சம் படிக்கு ஒன்றுதான் தேறும். 124476ல் கிடைத்தது கொஞ்சம் அதிர்ஷ்டம். பிறகு 2016ல் வந்த ஆர்எஃப்சி 7919, பைக்குப் பதில் இயல் மடக்கையின் அடிமானத்தை வைத்து இதேபோல் 2048 பிட் எண் ஒன்றைக் கட்டியது. அங்கே 560316 வரை ஏற வேண்டியிருந்தது.

சூத்திரத்தின் இரு முனைகளிலும் 64 பிட்டுகள் முழுக்க 1. ஹெக்ஸில் எழுதினால் தொடக்கத்தில் பதினாறு எஃப், முடிவில் பதினாறு எஃப். 1998ல் ஹிலரி ஓர்மன் எழுதிய ஆர்எஃப்சி 2412 இதற்கான காரணத்தைச் சொல்கிறது: வகுத்து மீதி காணும் வேலை கணினிக்குச் சுலபமாகிறது. இந்த ஒன்றுகளால் இன்னொரு பண்பும் வருகிறது. கடைசி மூன்று பிட்டும் 1 என்பதால் எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி 7. அப்படிப்பட்ட எந்தப் பகா எண்ணிலும் 2 என்பது ஒரு வர்க்க எச்சம், அதாவது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் 2 மீதியாக வரும். இது பின்னால் உதவும்.

நிரலில் இருந்த எண்ணையும் ஆர்எஃப்சியில் உள்ள எண்ணையும் திரையில் அருகருகே வைத்தோம். முதல் வரியிலேயே சிக்கியது. 2168 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2160. வேலையை ஒப்படைக்கும்போது கொடுத்த ஆவணத்தில் எண் படமாக ஒட்டப்பட்டிருந்தது, அதுவும் மங்கலான ஸ்கேன். படத்தை எழுத்தாக்கியபோது 8ன் இடுப்பு மறைந்து 0 ஆகிவிட்டது. மும்பைப் பக்கமும் அதே ஆவணத்திலிருந்துதான் எண்ணை எடுத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தவறியிருந்தால் முதல் நாளே சாவி பொருந்தாமல் அம்பலமாகியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்ததால் ஓடிவிட்டது.

சாட்சிகள்

ஃபெர்மா 1640ல் சொன்ன விதி: எண் பகா எண் என்றால், 2ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்க, மீதி 1 வரும் (எண் 2 ஆக இல்லாத வரை). பைத்தானில் ஒரே வரி. கண் சிமிட்டுவதற்குள் விடை. ஆர்எஃப்சி எண்ணுக்கு 1 வந்தது. நிரலில் இருந்த எண்ணுக்குத் திரை முழுக்க இலக்கங்கள் கொட்டின. தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. காரணி எதையும் கண்டுபிடிக்காமலே ஒரு எண் பகு எண் என்று நூற்றுக்கு நூறு சொல்லிவிடலாம்.

காரணியைக் காட்டாமல் இப்படிச் சொல்வதை நம்பப் பலருக்கு மனம் வராது. கணித வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று 1876ல் எதுவார் லூகா நிரூபித்துவிட்டார், ஆனால் காரணிகள் அவர் கையில் இல்லை. 1903ல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று எழுதிக் காட்டிய பிறகுதான் அவை வெளியே வந்தன. நடுவில் 27 ஆண்டுகள்.

எங்களுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இந்த எண்ணின் ஒரு காரணியைக் கணினியே இல்லாமல் சொல்லிவிடலாம், அதுவும் 2168 என்ற இடத்தைப் பார்க்காமலே. 14ஆம் குழுவின் எண் பகா எண் மட்டுமல்ல. அதில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வருவதும் பகா எண். 'சேஃப் பிரைம்' என்பது இதைத்தான். இப்படிப்பட்ட பெரிய எண்ணை 3 ஆல் வகுத்தால் மீதி 0 வராது, அது பகா எண். மீதி 1ம் வர முடியாது. வந்தால் ஒன்றைக் கழித்த பாதி 3 ஆல் வகுபட்டுவிடும், ஆனால் அந்தப் பாதியும் பகா எண்ணாயிற்றே. ஆக மீதி 2 மட்டுமே. இப்போது ஹெக்ஸில் ஒரு 8ஐ 0 ஆக்கினால் எண்ணிலிருந்து 8 மடங்கு 16ன் ஏதோ ஒரு அடுக்கு கழிகிறது. 16ஐ 3 ஆல் வகுத்தால் மீதி 1, அதன் எந்த அடுக்குக்கும் மீதி 1 தான். எனவே 3ன் கணக்கில் கழிந்தது வெறும் 8, அதாவது 2. இரண்டிலிருந்து இரண்டு போனால் பூஜ்யம்.

எந்தப் பெரிய சேஃப் பிரைமை எடுத்தாலும், ஹெக்ஸில் எந்த இடத்து 8ஐ 0 ஆக்கினாலும், வருவது 3ன் மடங்கு. சிறிய உதாரணம்: 2063 ஒரு சேஃப் பிரைம், அதன் பாதி 1031. ஹெக்ஸில் 80எஃப். முதல் 8ஐ 0 ஆக்கினால் மிஞ்சுவது 15.

மூன்று இப்படிக் காட்டிக்கொடுத்தது இந்தத் தவறின் ராசி என்றுதான் சொல்ல வேண்டும். 8ஐ யாராவது 'பி' என்று படித்திருந்தால் வித்தியாசம் 3. மூன்றால் ஒன்றும் தெரிந்திருக்காது, ஃபெர்மா சோதனைதான் துணை. ஒரு இலக்கம் மாறிய பின்னும் எண் பகா எண்ணாகவே இருந்துவிடும் வாய்ப்பும் சொற்பம்தான். இந்த அளவில் ஒற்றைப்படை எண்கள் சுமார் 710ல் ஒன்றுதான் பகா எண்.

எதிர்ப்பக்கத் தீர்ப்பு, அதாவது ஒரு எண் பகா எண்தான் என்று சொல்வது, இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் பகு எண்கள் உண்டு. நடைமுறையில் எல்லோரும் ஓட்டுவது மில்லர்-ராபின்: பகு எண் ஒன்று, குருட்டாம்போக்கில் எடுத்த அடிமானத்தில் (ஃபெர்மா விதியில் 2 நின்ற இடத்தில் வரும் எண்) தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று, திரும்பத் திரும்ப ஓட்டினால் சந்தேகம் தேய்ந்துகொண்டே போகும். அடிமானங்களைக் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். நிலையான அடிமானங்களை வைத்திருந்த லைப்ரரிகளை ஏமாற்றும் எண்களைக் கட்டிக் காட்டிய ஆய்வு ஒன்று 2018ல் வந்தது. சந்தேகமே இல்லாத வேகமான சோதனை நம் ஊரில் பிறந்தது: 2002ல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. கயல் பின்னர் இதே பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் சேர்ந்தார். கோட்பாட்டில் பெரும் சாதனை, ஆனால் 617 இலக்கத்துக்கு அதை யாரும் ஓட்டுவதில்லை. மில்லர்-ராபின் அவ்வளவு வேகம்.

சாவி ஏன் பொருந்தியது

தம்பியின் கேள்விக்கு வெள்ளைப் பலகையில் இரண்டு சின்ன எண்கள் போதுமாக இருந்தன. ஒன்று 23. அது சேஃப் பிரைம் (பாதி 11), 8 ஆல் வகுத்தால் மீதி 7. 14ஆம் குழுவின் குட்டித் தம்பி என்றே சொல்லலாம். இன்னொன்று 21, அதாவது 3 × 7, நம் கெட்டுப்போன எண்ணின் இடத்தில்.

முறை இதுதான்: ஒவ்வொரு பக்கமும் ரகசியமாக ஒரு எண்ணை எடுத்து, 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, மாடுலஸால் வகுத்த மீதியை அனுப்பும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்ததைத் தன் ரகசிய அடுக்குக்கு உயர்த்தி மீதி கண்டால் அதுவே சாவி. பெங்களூரின் ரகசியம் 4, மும்பையின் ரகசியம் 5 என்று வைத்துக்கொள்வோம். 23ல் பெங்களூரு அனுப்புவது 2⁴ = 16. மும்பை அனுப்புவது 2⁵ = 32, மீதி 9. பெங்களூரு 9ஐ 4ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது, மீதி 6. மும்பை 16ஐ 5ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறது, அதுவும் 6. பொருந்துகிறது.

21ல் போடுவோம். பெங்களூரு 16 அனுப்புகிறது, மும்பை 11. பெங்களூரு 11ஐ 4ஆம் அடுக்குக்கு உயர்த்த மீதி 4. மும்பை 16ஐ 5ஆம் அடுக்குக்கு உயர்த்த, அதுவும் 4. இதுவும் பொருந்துகிறது. நான்கை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை நான்கால் பெருக்கினாலும் இருபதுதான். சாவி பொருந்துவதற்கு அது மட்டும் போதும். பகா எண்ணா இல்லையா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதே இல்லை.

"அப்போ பிரைம் எதுக்கு?" என்றார் தம்பி.

ஒட்டுக்கேட்பவனுக்காக. வழியில் போன 16, 11 இரண்டையும் அவன் பார்த்துவிட்டான். 16ஐ 3 ஆல் வகுக்கிறான், மீதி 1. மூன்றின் கணக்கில் 2ன் அடுக்குகள் 2, 1, 2, 1 என்று மாறி மாறி வரும். மீதி 1 என்றால் பெங்களூரின் ரகசியம் இரட்டைப்படை. 16ஐ 7 ஆல் வகுக்கிறான், மீதி 2. ஏழின் கணக்கில் 2ன் அடுக்குகள் 2, 4, 1 என்று மூன்றில் சுழலும். மீதி 2 என்றால் ரகசியத்தை 3 ஆல் வகுக்க மீதி 1. இரட்டைப்படை, மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும், 6க்குள் அப்படி இருப்பது 4 மட்டும். மும்பைக்கு: 11ஐ 3 ஆல் வகுக்க 2, அதனால் ஒற்றைப்படை, 7 ஆல் வகுக்க 4, அதனால் மூன்றின் மீதி 2. விடை 5. இரண்டு ரகசியமும் போயிற்று.

23ல் இந்த வித்தை செல்லாது. பிரிக்கக் காரணி இல்லை. 2ன் அடுக்குகள் அங்கே 11 படி சுழலும், 11ம் பகா எண் என்பதால் அந்தச் சுழலையும் துண்டு போட முடியாது. 2 வர்க்க எச்சம் என்ற பண்பு இங்கேதான் வேலை செய்கிறது: சுழற்சி 22 அல்ல, சரியாகப் பாதி. 22 ஆக இருந்திருந்தால் ரகசியம் ஒற்றையா இரட்டையா என்பது கசிந்துவிடும். 14ஆம் குழுவில் 11ன் இடத்தில் 2047 பிட் பகா எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

நிரலில் இருந்த எண் 3ன் மடங்கு என்பதால், ஒரு கசிவை நேரிலேயே காட்ட முடிந்தது. சோதனை இணைப்பின் பதிவிலிருந்து, வழியில் போன பொது மதிப்பு ஒன்றை எடுத்து, அதன் ஹெக்ஸ் இலக்கங்களைக் கூட்டி 3 ஆல் வகுக்கச் சொன்னேன். தசமத்தில் 9க்கு இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்போமே, ஹெக்ஸில் 3க்கும் 5க்கும் அதே வித்தை செல்லும். மீதி 2 வந்தது. "ரகசியம் ஒற்றைப்படை" என்றேன். தம்பி டீபக்கரில் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த மதிப்பை எடுத்தார். ஃபிளாகை அணைக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

பகா எண் என்றால் மட்டும் போதுமா

அணியின் மூத்த பொறியாளர், திருச்சிக்காரர், இன்னொன்று கேட்டார். பகா எண்தான் வேண்டுமென்றால், செய்தியில் வருகிற பிரம்மாண்டமான ஒன்றை எடுத்துப் போட்டால் என்ன?

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணை அவர் மனதில் வைத்திருந்தார். லூக் டுரான்ட் கண்டுபிடித்தது, 4,10,24,320 இலக்கம். கையாள முடியாத அளவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பூட்டுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. அந்த எண்ணின் கணக்கில் 2ஐ 136279841 முறை பெருக்கினாலே 1க்குத் திரும்பிவிடும். நான்கு கோடி இலக்கம் இருந்தும் 2ன் சுழலில் பதினாலு கோடிக்கும் குறைவான மதிப்புகள்தான். ஒரு லேப்டாப் தேடி முடித்துவிடும். வேறு அடிமானம் எடுத்தாலும், ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணுக்கு 3 உட்படச் சிறு காரணிகள் வரிசையாக நிற்கும். 1978ல் போலிக்கும் ஹெல்மனும் எழுதிய முறை அந்தச் சிறு காரணிகள் வழியாகத்தான் ரகசியத்தைத் துண்டு துண்டாக எடுக்கிறது. இப்படி 2ன் அடுக்கைவிட ஒன்று குறைந்த மெர்சென் பகா எண்களின் அழகே அவற்றின் ஒழுங்கு. பூட்டுக்கு அந்த ஒழுங்குதான் ஆகாது.

ஆபத்து எவ்வளவு

அறிக்கையில் இந்தப் பகுதியை எழுதத்தான் அதிகம் யோசித்தேன். பயமுறுத்துவது சுலபம். 3 ஒன்றால் கசிவது ஒரு பிட் மட்டுமே. எண்ணின் மற்ற காரணிகளைத் தேடப் பிடிவாதமான ஒருவருக்கு, 1987ல் லென்ஸ்ட்ரா கொடுத்த நீள்வட்ட வளைவு முறை இருக்கிறது. கிடைக்கும் ஒவ்வொரு காரணியும் இன்னும் கொஞ்சம் பிட்டுகளைக் கொடுக்கும். எஞ்சி நிற்கும் நூற்றுக்கணக்கான இலக்கத் துண்டு உடைவது கடினம், அதனால் முழுச் சாவியும் நாளைக்கே போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நிரல் வேகத்துக்காக 256 பிட் ரகசியங்களைத்தான் பயன்படுத்தியது. 2048 பிட்டும் உடைய வேண்டியதில்லை. காரணிகள் வழியாகப் பாதி பிட்டுகள் கசிந்தாலே, மீதியைத் தேடிப் பிடிக்க 1996லேயே வழி எழுதப்பட்டுவிட்டது.

காரணிகளை மேற்கொண்டு தேடச் சொல்லி நிர்வாகம் கேட்டது. தேவையில்லை என்றேன். எத்தனை காரணி கிடைத்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதற்கு மூன்றே போதும். வெளியுலகிலும் இது புதிதல்ல: 2016 பிப்ரவரியில் சோகேட் என்ற பரவலான திறமூலக் கருவி, தன் நிரலில் எழுதியிருந்த 1024 பிட் டிஃபி-ஹெல்மன் எண் பகா எண்ணே அல்ல என்று எச்சரிக்கை வெளியிட்டது. அதுவும் அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செய்தது

ஃபிளாகைத் தொடவில்லை. 512 இலக்க வரியை நிரலிலிருந்து நீக்கிவிட்டு, லைப்ரரிக்குள்ளேயே இருக்கும் 14ஆம் குழுவைப் பெயர் சொல்லி அழைத்தோம். பழைய இணைப்பு வழியே போன கடவுச்சொற்களும் சான்றிதழ்ச் சாவிகளும் வெளியே தெரிந்தவை என்று வைத்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன், ஏனென்றால் ஓட்டத்தை எப்போதோ பதிவு செய்தவர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து காரணி தேடலாம். மும்பைப் பக்கம் முதலில் இழுத்தடித்தது. "எங்க பக்கம் எரர் எதுவும் இல்லையே சார்" என்றார்கள். 16ம் 11ம் எழுதிய பலகையின் படத்தை அனுப்பிய பிறகு பராமரிப்பு நேரம் கொடுத்தார்கள்.

அடுத்த பதிப்பில், நீள்வட்ட வளைவுகளை வைத்துச் சாவி உருவாக்கும் முறைக்கு மாறுவதாக முடிவு. அங்கே மாடுலஸ் 2²⁵⁵ − 19. தசமத்தில் 77 இலக்கம்தான், ஆனால் யாரும் அதை இலக்கமாக எழுத வேண்டியதே இல்லை. ஃபோனில் வாயால் சொன்னாலும் எதிர்ப்பக்கம் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்.